மீண்டும் வெளியேற்றப்பட்டேன்

அமைச்சையே உலுக்கப்போகும் மனுவொன்றை எழுதுவதென்று தீர்மானித்தேன். எங்கள் ஒழுங்கைக்கு, அந்தச் சின்னத் தெரு முழுதுக்கும், குழாய்த் தண்ணீர் கேட்கும் மனு. அன்றுதான் கடைசி நாள். இணையத்தளத்தில் மட்டும்தான் ஏற்பார்களாம்.

மகள் கட்டாருக்குப் போகும்போது விட்டுப்போன மடிக்கணினி முன் உட்கார்ந்தேன். ‘காரணம்’ என்றொரு பெட்டி. நாற்பது வருடம் துண்டுப்பிரசுரம் எழுதியவன் சும்மா எழுதலாமா? கண்ணை மூடி முதல் வசனத்தை யோசித்தேன். திறந்தால் திரையில்: ‘நீண்ட நேரமாக அசைவில்லை. வெளியேற்றப்பட்டீர்கள்.’

தொண்ணூறில் மற்ற முஸ்லிம்களோடு யாழ்ப்பாணத்திலிருந்து புலிகளால் வெளியேற்றப்பட்டவன் நான். அப்போதாவது இரண்டு மணித்தியாலம் தந்தார்கள்.

மறுபடி நுழைந்தேன். மறுபடி யோசித்தேன். மறுபடி வெளியே. அரசாங்கக் கச்சேரி வாசலில் அசையாமல் குந்தியிருந்தே அதிகாரிகளை அசைத்தவன் நான். இங்கே அசையாதவன் ஆளே இல்லையாம்!

சூழ்ச்சி செய்தேன். தலையாட்டும் மின்விசிறியில் மவுஸை நூலால் கட்டினேன். திரையில் அம்பு அங்குமிங்கும் ஓடியது. வெற்றிக் களிப்பில் பிளேன்டீ குடித்துவிட்டு வந்தேன். வெளியேற்றப்பட்டிருந்தேன்.

“மவுஸ் ஆடினாப் பத்தாது. எழுத்து விழணும்,” என்றாள் என் மனைவி ஸுல்பிகா. “நகருங்க. நீங்க நடந்து நடந்து வசனத்தச் செல்லுங்க, நான் அடிக்கிறன்.”

நடந்தேன். முழங்கினேன்.

“உவர்த் தண்ணீர் குடித்தே நரைத்த மக்கள் நாங்கள்! அடிச்சியா?”

“ஓம்.”

“குடமே எங்கள் கொடி! அடிச்சியா?”

“ஓம், ஓம்.”

விசைகள் மழைபோல் சடசடத்தன.

சில மாதத்தில் குழாயில் தண்ணீர் வந்தது. அல்ஹம்துலில்லாஹ். தம்பிபோல் பழகும் பக்கத்து வீட்டு பஸ்தியான் என் கையைப் பிடித்து, “நானா, உங்கட எழுத்துக்குத்தான் வந்திருக்கு,” என்று கண்கலங்கினான். ஒழுங்கை முனை ஸக்கியா மாமி வட்டிலப்பம் அனுப்பினார். பூரித்துப்போனேன்.

“ஸுல்பி, அந்த மனுவ எடு. பிரசுரமா அச்சடிக்கணும்.”

திரையில் காட்டினாள். பெட்டியில் ஒரே வரி: ‘எல்லாக் கிணறும் உவர். குழாய் தேவை.’

“அப்ப நான் செல்லச் செல்ல நீ அடிச்சது?”

“இத முதல்லயே அனுப்பிட்டன். பொறகு மகளோட எழுத்துல கதைச்சிக்கிட்டு இருந்தன்.”

ஒரு கிளாஸ் தண்ணீர் பிடித்துக் குடித்தேன். இனித்தது. கோபம் வரவில்லை. என் மனுவை நம்பியிருந்தால் ஒழுங்கையே இன்னும் உவர் குடித்துக்கொண்டிருக்கும். மனதார நன்றி சொன்னேன். ஒன்று மட்டும் விளங்கவில்லை.

“அனுப்பின பொறகும் ஏன் ஓம், ஓம் எண்டாய்?”

“எழுத்து நிண்டா கம்பியூட்டருக்குச் சந்தேகம் வரும். ஓம் நிண்டா உங்களுக்கு.”