கல்யாணத்தை வியாழக்கிழமைக்கு மாற்றக் கோரி

சிலிபின், ஈப்போ
செவ்வாய்க்கிழமை

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி பத்துமலை அண்ணன் அவர்களுக்கு,

அப்பாவு எழுதிக்கொண்டது. காம்பாரில் தாங்களும் அண்ணியும் மாப்பிள்ளை தர்மேந்திரனும் நலமாக இருப்பீர்கள். என் நலம் கிழமையைப் பொறுத்தது. இன்று செவ்வாய், அதனால் நலம்.

விஷயம் இதுதான். எங்கள் விமலாவின் கல்யாணத்தை ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அதற்கு முந்தைய வியாழக்கிழமைக்கு மாற்ற வேண்டும். மண்டபத்துக்குச் சொல்லியாகிவிட்டது என்பது தெரியும், கோபப்படாமல் படியுங்கள். எனக்குத் திங்கள், புதன், வெள்ளி டயாலிசிஸ். நாலு மணி நேரம் மெஷின் இரத்தத்தைச் சுத்தம் செய்து, உடம்பில் தேங்கிய தண்ணீரையும் எடுத்துவிடும். வெள்ளியை விட்டால் திங்கள்தான். நடுவில் ஞாயிறு வந்தால் கால் வீங்கிச் செருப்பு நுழையாது, வாசலிலிருந்து காருக்குப் போவதற்குள் மூச்சு வாங்கும். நாங்கள் தங்கள் வீடு பார்க்க வந்த அன்றும் ஞாயிறுதானே? காரில் எதையோ மறந்ததாகச் சொல்லி வெளியே போன நான் திரும்பவே இல்லை, வீடு பிடிக்கவில்லை போலும் என்று தாங்கள் வருந்தியதாக அறிந்தேன். எனக்கு ஒரு நாளைக்கு அரை லிட்டர் தண்ணீர்தான், இளநீரும் வாழைப்பழமும் அறவே கூடாது, இதயத்துக்கு ஆபத்து. ஆனால் அண்ணி அன்போடு நீட்டிய இளநீரை எப்படி மறுப்பது? என் வீட்டுக்காரி மங்களம் கண்ணை உருட்டினாள், நான் பார்க்காததுபோல் குடித்துவிட்டு, மரியாதைக்கு இரண்டு வாழைப்பழமும் தின்றேன். நெஞ்சு படபடத்து, மங்களம் என்னை நேராக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். வீடு மிகவும் பிடித்திருந்தது.

இப்போது அவளே, "வியாழக்கிழமை யாரு லீவு போட்டு வருவாங்க லா? தாரை வார்க்கிறத உங்க தம்பி சீனியும் அவன் பொண்டாட்டியும் செய்யட்டும். நீங்க உட்காந்து பாருங்க" என்கிறாள். பெற்ற அப்பன் நான் இருக்கும்போது என் மகள் கையைத் தங்கள் மகன் கையில் வைக்க வேறொருவன் எதற்கு? நினைத்தாலே தாங்கவில்லை. ஐயரைக் கேட்டுவிட்டேன், வியாழன் காலை முகூர்த்தம் உண்டு. ஆள் குறைந்தால் குறையட்டும், நான் நிற்க வேண்டும். உட்கார்ந்தால் கால் குறுகுறுவென்று ஓர் இடத்தில் இருக்கமாட்டேன் என்கிறது. இதையும் பாதி நடந்தபடிதான் எழுதுகிறேன், எழுத்துக் கோணலை மன்னிக்கவும்.

அண்ணிக்கு வணக்கம், மாப்பிள்ளைக்கு ஆசீர்வாதம். சீக்கிரம் பதில் வந்தால் என் பிரஷர் இறங்கும்.

இப்படிக்கு,
ஞாயிறு தவிர்த்த நாட்களில் தங்கள் அன்புள்ள,
அப்பாவு

பி.கு.: இதைத் தபாலில் போடுமுன் புதன்கிழமை வந்துவிட்டது, டயாலிசிஸுக்குப் போனேன். திங்களன்று நர்ஸ் தினேஸ்வரியிடம் புலம்பியிருந்தேன். அதை அவர் நேற்று ஸ்டானிஸ்லாஸ் என்பவரிடம் சொல்லியிருக்கிறார். செவ்வாய், வியாழன், சனிகளில் என் நாற்காலியில் படுப்பவர் அவர். முகம்கூடப் பார்த்ததில்லை. கல்யாண வாரம் தன் சனிக்கிழமையை எனக்குக் கொடுத்துவிட்டு என் வெள்ளிக்கிழமையை எடுத்துக்கொள்கிறாராம். டாக்டரும் சரி என்றுவிட்டார். ஞாயிறுதோறும் மாதா கோயிலில் பாடுகிறவராம். "மூச்சு வாங்குமே அங்கிள்" என்று தினேஸ்வரி கேட்டதற்கு, "ஒரு ஞாயிறு பாடாட்டி மாதா கோவிச்சுக்க மாட்டாங்க லா. பொண்ணோட அப்பா நிக்கட்டும்" என்றாராம். நாற்காலியில் படுத்தபடி அழுதுவிட்டேன். கல்யாணம் ஞாயிறே இருக்கட்டும், மேலே எழுதியதைப் படிக்காதீர்கள். முதல் பத்திரிகை அவருக்குத்தான். ஆனால் அன்று கால் வீங்கியிருப்பது அவருக்கு, வருவாரோ என்னவோ.