முதல் கைதட்டல்காரர்

கச்சேரி கேட்கப் போகிறவர்களில் இரண்டு இனம் உண்டு. இசை முடிந்ததும் கைதட்டுபவர்கள் ஓர் இனம். முடிந்துவிட்டது என்று தனக்குத்தான் முதலில் தெரியும் எனக் காட்டிக்கொள்ளத் தட்டுபவர் இன்னோர் இனம். இந்த இரண்டாவது இனத்தில் அரங்குக்கு ஒருவர்தான் இருப்பார். ஒருவரே தாராளம், ஐயா!

மில்வாக்கி நகரில் அந்தப் பதவியை வகிப்பவர் ரோலண்ட் கிரூகர், ஓய்வு பெற்ற பல் மருத்துவர். மனைவி காலமாகி நாலு வருஷம். பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற லொரெய்ன் என்ற அம்மாளைப் போன மாதம் நூலகத்தில் பார்த்துப் பேசியவர், ஒரு சனிக்கிழமை பகலில் ஓவியக் கண்காட்சிக்கும் மாலையில் சிம்பொனி கச்சேரிக்கும் அழைத்துப் போனார். தன்னை அந்த அம்மாளுக்குப் பிடித்துப்போக வேண்டும், அடுத்த சனிக்கிழமையும் வர வேண்டும். மனுஷருக்கு இருந்த ஒரே ஆசை இதுதான். அதற்கு அவர் கண்ட வழி, தெரிந்ததையெல்லாம் ஒரே நாளில் சொல்லித் தீர்ப்பது.

கண்காட்சியில் இந்த இனம் என்ன செய்யும் என்று உங்களுக்குத் தெரியாதா? படத்தைப் பார்க்குமுன் பக்கத்தில் ஒட்டியிருக்கும் சீட்டைப் படித்து, ஓவியர் பெயரையும் வருஷத்தையும் மனதில் போட்டுக்கொண்டு, மூன்றடி பின்னால் வந்து, அங்கே நிற்பவர் காலை மிதித்து, ஒரு கண்ணைப் பாதி மூடி, அப்படியொரு சீட்டு இருப்பதே தெரியாதவர்போலப் பெருமூச்சு விட்டு, "ஒளி!" என்று சொல்லும். எல்லாப் படத்துக்கும் ஒளிதான். இருட்டறைப் படத்துக்கும் ஒளிதான்.

லொரெய்ன் மாட்டுப் பண்ணையில் வளர்ந்தவர். வயலில் பசு நிற்கும் படம் ஒன்றைப் பார்த்ததும், "ஐயோ பாவம், மடி கனத்துப் போயிருக்கு. கறக்க நேரமாச்சு" என்றார்.

"அது மாட்டைப் பத்தின படமே இல்லைங்க. ஒளியைப் பத்தின படம்."

"சரி, அப்ப ஒளியை யாராவது போய்க் கறங்களேன்."

ரோலண்ட் சிரிக்கவில்லை. மூலையில் நின்ற காவலாளி சிரித்தார்.

கச்சேரி தொடங்குமுன் உபதேசம். "மொத்தம் நாலு பகுதி. நடுவுல மூணு தடவை நிறுத்துவாங்க. அப்ப இருமலாம். தட்டக் கூடாது."

"இருமலாமா?"

"இருமலாம்."

"ரொம்ப நல்லா இருந்தா?"

"அப்பவும் தட்டக் கூடாது. நான் தட்டினதும் தட்டுங்க, போதும்."

முதல் பகுதி இடியாய் முழங்கி நின்றது. லொரெய்ன் தன்னை மறந்து கையைத் தூக்கினார். ரோலண்ட் மணிக்கட்டைப் பிடித்து இறக்கிவிட்டார். சுற்றிலும் எல்லாரும் சட்டப்படி இருமினார்கள்.

நாலாவது பகுதி அடங்கி அடங்கி, கடைசியில் ஒற்றை செல்லோ வாத்தியத்தின் மெல்லிய இழையாகித் தேய்ந்து நின்றது. இசையை நடத்திய பெண்மணி தூக்கிய கையை இன்னும் இறக்கவில்லை. அரங்கமே மூச்சைப் பிடித்திருந்தது. அந்த மௌனமும் இசையோடு சேர்ந்ததுதானே! லொரெய்ன் கண்களில் நீர் தளும்பி நின்றது. ரோலண்ட் மட்டும் அதைக் கேட்கவில்லை. முடிந்ததா, முடிந்ததா என்று காத்துக்கொண்டிருந்தார்.

"பிராவோ!" பட், பட், பட்.

நடத்தியவரின் தோள்கள் தொய்ந்து இறங்கின. லொரெய்ன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு எழுந்த கைதட்டலில் ஒரு உற்சாகமும் இல்லை.

கார் நிறுத்துமிடம் வரை பல் பிடுங்கப்பட்டவர்போல வந்த ரோலண்ட், மெல்லக் கேட்டார்: "அடுத்த சனிக்கிழமை வருவீங்களா?"

"முப்பது வருஷம் பஸ் ஓட்டினேன். வண்டி நிக்கறதுக்கு முன்னாடியே எழுந்து நிக்கிற பயல் ஒருத்தன் எல்லா பஸ்லயும் இருப்பான்."

"அவனை என்ன செய்வீங்க?"

"இறக்கிவிட மாட்டேன். ஆனா கையைப் பிடிச்சு உக்கார வச்சுக்குவேன்."

அடுத்த சனிக்கிழமை அப்படியே நடந்தது. ரோலண்டின் இரண்டு கைகளும் லொரெய்ன் பிடியில் பத்திரமாக இருக்க, கடைசி மௌனத்தில் முன்வரிசையிலிருந்து யாரோ ஒருவர் பட்டென்று தட்டினார். ரோலண்டுக்கு வந்த கோபத்தைப் பார்த்திருக்க வேண்டுமே! "காட்டுமிராண்டிங்க!" என்றார்.

நீங்கள் அந்த இனம் இல்லை என்கிறீர்கள். சந்தோஷம். யாராவது கதை சொன்னால் "முடிவு எனக்கு அப்பவே தெரியும்" என்று இதுவரை நீங்கள் சொன்னதே இல்லை, அப்படித்தானே? பின்னே ஏன் அதற்குள் கையைத் தூக்குகிறீர்கள்? கீழே போடுங்கள். நான் இன்னும் முடிக்கவில்லை.