காலருக்குள் ஒரு தோட்டாக்கூடு

துப்பாக்கியைப் பற்றிப் பன்னிரண்டு பக்கம் எழுதிய நான், அதற்கு முன் தீபாவளிப் பொட்டுவெடித் துப்பாக்கியைக்கூடக் கண்ணை இறுக மூடிக்கொண்டுதான் சுட்டிருந்தேன். இதை ஒப்புக்கொள்ளப் பத்தாண்டுகள் ஆயின.

நான் ஸ்ரீரங்கத்துக்காரன், திருச்சிக் கல்லூரி ஒன்றில் தமிழ் கற்பிப்பவன். துப்பாக்கி சுடும் கழகம் ஒன்றின் பயிற்சியாளரான ஓய்வுபெற்ற ஹவில்தார் ஒருவர், புதியவர்களுக்கான கையேட்டைச் செப்பனிட்டுத் தருமாறு கேட்டு என் வீட்டுக்கு வந்தார். கையேட்டைக் கொடுத்துவிட்டு, அம்மாவிடம் என் ஜாதகத்தை வாங்கிக்கொண்டு போனார். அவருக்கு மாலதி என்றொரு மகள்.

காட்டூரில் பெண் பார்த்தோம். கேசரி வந்தது, காபி வந்தது. முடிவு மட்டும் வரவில்லை.

“எழுத்து பிரமாதம் தம்பி. சுட்டுப் பழக்கம் உண்டுங்களா?” என்றார் ஹவில்தார்.

“ஓரளவு உண்டு,” என்றேன். (எந்த அளவு என்று அவர் கேட்கவில்லை. தப்பிச்சேன்.)

“அப்ப ஞாயித்துக்கிழமை கிளப்புக்கு வாங்க. மாலதியும் வருவா. அங்கயே முடிவைச் சொல்லிடுறோம்.”

அந்த வாரம் முழுவதும் நான் நானாக இல்லை. வருகைப் பதிவேட்டில் மாணவர் பெயரை இருமுறை அழைத்தேன். ஞாயிறன்று பேருந்தில் இடமிருந்தும் உட்காராமல், காவிரிப் பாலம் முடியும்வரை கம்பிக்குக் கம்பி மாறி நின்றேன்.

கிளப்பில், மேசைமீது கையேட்டில் வரும் அந்த அரைத் தானியங்கித் துப்பாக்கி இருந்தது. விசையை ஒருமுறை அழுத்தினால் ஒரு குண்டு. அடுத்ததைத் தானே ஏற்றிக்கொள்ளும். குட்டையானது, எடை குறைந்தது, குறுகிய இடத்திலும் எளிதில் கையாளத்தக்கது. இவை நிறைகள் என்று நானே எழுதியிருந்தேன். குழல் குட்டையாதலால் ஓசை மிகும் என்பதையும் எழுதியிருந்தேன். எழுதாத குறை ஒன்றுண்டு: அடுத்த குண்டு எந்நேரமும் ஆயத்தமாக நிற்பதால், பதற்றக்காரனுக்கு அது சற்றும் பொறுமை கற்பிப்பதில்லை.

இடத்தோளில் துப்பாக்கியைப் பொருத்தினேன்.

“இடது கைப் பழக்கமா சார்?” என்றாள் மாலதி. “காலர் பட்டனைப் போட்டுக்குங்க. சுட்டதும் காலித் தோட்டாக்கூடு வலப்பக்கமாத் தெறிக்கும். உங்க முகம் அந்தப் பக்கந்தான் இருக்கு.”

“கையேட்டில் அப்படி எதுவும் இல்லையே,” என்றேன், நூலாசிரியனுக்குரிய மிடுக்கோடு.

“இருந்துச்சு சார். நீங்கதான் அடிச்சிட்டீங்க.”

உண்மைதான். முதற்பக்கத்தில் ‘உடை இறுக்கமாக இருத்தல் வேண்டும்’ என்று வந்துவிட்டதால், கூறியது கூறல் என்னும் குற்றமாகக் கருதி அவ்வரியை நீக்கியிருந்தேன். அப்போதாவது பட்டனைப் போட்டிருக்கலாம். போடவில்லை. (கௌரவம் என்னாவது?)

ஐந்து குண்டுகளையும் ஒரே மூச்சில் சுட்டுத் தீர்த்தேன். இலக்கு அட்டை கன்னி கழியாமல் நின்றது. ஐந்தாவது கூடு மட்டும் என் மூக்கைக் கடந்து, திறந்த காலர் வழியே இறங்கி, பனியனுக்குள் குடியேறியது. அடுப்புக் கங்கு போன்ற சூடு! துப்பாக்கியை மேசையில் கிடத்தி, இரண்டடி பின்வாங்கி, என் வாழ்வின் முதலும் இறுதியுமான நடன அரங்கேற்றத்தை நிகழ்த்தினேன். சட்டையின் மூன்று பொத்தான்கள் தெறித்தன. பக்கத்து மேசைக்காரர் காதடைப்பானைக் கழற்றிவிட்டு என் அலறலைக் கேட்டார்.

கூடு ஒருவழியாகத் தரையில் விழுந்தது. ஹவில்தார் என்னைப் பார்க்கவேயில்லை, துப்பாக்கியைத்தான் பார்த்தார். குனிந்து பார்த்தார், சுற்றி வந்து பார்த்தார். பேருந்து நிறுத்தம் எவ்வளவு தொலைவென்று நான் மனத்துக்குள் அளந்துகொண்டிருந்தேன்.

“முனை இலக்கைப் பார்த்து இருக்கு. சேஃப்டி பூட்டும் போட்டிருக்காரு,” என்றார் மெல்ல. “இந்த மாதிரி ஆனா பலபேர் துப்பாக்கியோடயே ஆளுங்க பக்கம் திரும்பிடுவாங்க. இவரு கீழ வெச்சுட்டுத்தான் ஆடியிருக்காரு. எனக்குச் சம்மதம். நீ என்னம்மா சொல்ற?”

“அந்த வரியத் திரும்ப எழுதித் தரச் சொல்லுங்கப்பா. அப்புறம் சொல்றேன்.”

அலமாரியிலிருந்த நாற்பது பிரதிகளிலும், பொத்தானில்லாச் சட்டையை ஒரு கையால் பிடித்தபடி, அவ்வரியை எழுதினேன். நாற்பதாவதைப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் மாலதி தலையசைத்தாள்.

இன்றும் எங்கள் வீட்டில் எனக்கு எதிலும் பதற்றப்பட உரிமையில்லை. சென்ற வாரம் கொதிக்கும் ரசப் பாத்திரத்தைப் பிடிதுணி இல்லாமல் தூக்கிக்கொண்டு நான் சமையலறையில் குதித்தபோது, வீட்டுப்பாடத்திலிருந்து தலைநிமிராமலே என் மகள் சொன்னாள்:

“அப்பா, கீழ வெச்சுட்டு ஆடுங்க.”