ஏரியை அளந்த மாப்பிள்ளை

கையில் அரிவாள் வைத்திருப்பவன்கூடச் சில நேரம் சும்மா இருப்பான். கையில் அளவு டேப் வைத்திருப்பவனால் ஒரு நிமிஷம் சும்மா இருக்க முடியாது. இதை நான் அடித்துச் சொல்வேன். ஏனென்றால் அந்த டேப்பால் என் கல்யாணமே கைவிட்டுப் போகப் பார்த்தது.

ஒரகடத்தில் கார் கதவுக்குக் கைப்பிடி செய்கிற கம்பெனி ஒன்றில் எனக்குக் குவாலிட்டி இன்ஸ்பெக்டர் வேலை கிடைத்தது. (கோவில்பட்டிப் பக்கம் என் ஊரில் ‘இன்ஸ்பெக்டர்’ என்பதை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு, வரப்புத் தகராறைத் தீர்த்துவைக்கச் சொல்லி ரெண்டு பேர் என் அம்மாவிடம் வந்தார்களாம்.) லைனில் வருகிற கைப்பிடியை எடுத்து அளக்க வேண்டும். சரியாக இருந்தால் அந்தப் பெட்டிக்குப் பச்சை ரிப்பன். சந்தேகம் என்றால் மஞ்சள். உதவாது என்றால் சிவப்பு. எட்டு மணி நேரமும் இதே வேலை, ஓ.டி. பார்த்தால் பன்னிரண்டு மணி நேரம். கொஞ்ச நாளில் கை தன்னாலேயே அளக்க ஆரம்பித்துவிட்டது. மெஸ்ஸில் இட்லியை அளந்தேன். ரூம் கதவின் இடுக்கை அளந்தேன். தூங்கிக்கொண்டிருந்த ரூம்மேட் ஜெபராஜின் மூக்கை அளந்து, சிவப்பு ரிப்பன் கட்டியிருக்கிறேன்.

ஜெபராஜ் தூத்துக்குடிக்காரன். எங்கள் இருவருக்கும் சுங்குவார்சத்திரத்தில் ஒரே ரூம், ஒரே பாய், ஒரே வாளி. “ஏல, நான் கடல்ல பொறந்தவம்ல” என்பான். உண்மையில் அவன் பிறந்தது டவுன் ஆஸ்பத்திரியில், அவன் அப்பா நடத்தியது டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட். இது எனக்கு ரொம்பப் பிந்தித்தான் தெரிந்தது. அதுவரை அவனை ஒரு பெரிய மீன்பிடி வீரன் என்று நம்பி, லீவு கிடைத்த ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லாம் அவன் பின்னால் ஏரி ஏரியாக அலைந்தேன்.

அந்தப் பக்கம் அப்போது பார்க் என்று சொல்ல ஒன்றும் கிடையாது. எங்களுக்கு ஏரிக்கரைதான் பார்க். ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்தால் ரோட்டுக்கு இரண்டு பக்கமும் தண்ணீர் நிற்கும். பாதி ஏரி, பாதி சேறு, நடுவில் ஆள் உயரக் கோரை. கால் வைத்தால் முழங்கால் வரை உள்ளே இழுக்கும். கரிசல் காட்டில் குடத்துக்கு முன்னால் வரிசையில் நின்று வளர்ந்தவன் நான். அவ்வளவு தண்ணீர் யாருக்கும் வேண்டாததுபோலச் சும்மா கிடப்பதைப் பார்க்கவே எனக்கு ஆச்சரியமாக இருக்கும். பரோட்டா பார்சலைப் பிரித்து வைத்துக்கொண்டு, நாரையையும் நீர்க்காகத்தையும் வேடிக்கை பார்த்தபடி கரையில் கிடப்போம். ஜெபராஜ் தூண்டிலைப் போட்டுவிட்டுத் தூத்துக்குடிக் கதை சொல்வான். ஒரு மீன்கூட மாட்டியதில்லை. அதில் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. சூப்பர்வைசர் குரல் கேட்காத இடமாக இருந்தது, அதுவே போதும். இன்றைக்கும் ஈரக் கோரை வாசம் வந்தால் எனக்கு அந்தப் பரோட்டாவும் சேர்ந்து மணக்கிறது.

பேக்கிங் செக்‌ஷனில் கலைச்செல்வி என்று ஒரு பெண் இருந்தாள். வல்லக்கோட்டையைத் தாண்டி ஒரு ஏரிக்கரைக் கிராமம். நான் பச்சை ரிப்பன் கட்டிய பெட்டிகள் அவளிடம்தான் போகும். நான் ரிப்பனைப் பூ மாதிரி முடிச்சுப் போட ஆரம்பித்ததில் விஷயம் அவளுக்குப் புரிந்தது. அவள் பெட்டியைத் திருப்பி அனுப்பாததில் விஷயம் எனக்குப் புரிந்தது. ஒரு வருஷம் கழித்து அவள் தீர்மானமாகச் சொன்னாள்.

“எங்க நைனாகிட்ட சொல்லிட்டேன். தெக்கத்தி ஆளுன்னதும் மூஞ்சிய தூக்கி வெச்சிக்கினாரு. வர்ற ஞாயித்துக்கெயமைக்கு அடுத்த ஞாயித்துக்கெயம உங்க அப்பா அம்மாவ கூப்ட்டுனு வா. நைனா வேணான்னுட்டா வேணாந்தான். ஓடியெல்லாம் வரமாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்.”

அவரை எப்படிக் குளிர வைப்பது என்று கேட்டேன்.

“அவருக்கு விரா மீனுன்னா உசுரு. வேற ஒண்ணுத்துக்கும் மசியமாட்டாரு” என்றாள்.

போதாதா? அவர் ஊர் ஏரியிலேயே ஒரு பெரிய விராலைப் பிடித்து, ‘உங்கள் வருங்கால மாப்பிள்ளை’ என்று சொல்லாமல் கொடுத்துவிட்டு, அடுத்த வாரம் பெண் கேட்கப் போய் அவரை அசத்துவது என்று திட்டம் போட்டேன். கலைச்செல்வியிடம் மூச்சுவிடவில்லை. வந்த ஞாயிறு எங்களுக்கு லீவு, கம்பெனிக்கு ஓ.டி. உண்டு. ஓ.டி. பஸ் அந்த ஏரி வழியாகத்தான் போகும். ஆனால் யூனிபார்மும் கழுத்தில் அடையாள அட்டையும் இல்லாமல் டிரைவர் ஏற்ற மாட்டார். டவுன் பஸ்ஸை எதிர்பார்த்தால் பொங்கல் கழிந்துவிடும். ஆகவே நீல யூனிபார்ம், பூட்ஸ், அட்டை சகிதம், ஒரு நீள மூங்கிலோடும் ஒரு கட்டுக் குச்சிகளோடும் ஏறினோம்.

“இன்னாபா, கம்பெனிக்கு பந்தல் போட போறீங்களா?” என்றார் டிரைவர்.

மூங்கில் எதற்கு என்றால், ஆழம் பார்க்க. ஏழெட்டு ஏரியில் மீன் மாட்டாததற்குக் காரணம் ‘முறையான ஆய்வு’ இல்லாததுதான் என்று நான் கண்டுபிடித்திருந்தேன். விரால் எந்த ஆழத்தில் இருக்கும் என்று ஜெபராஜ் சொல்வான். நான் கரையை டேப்பால் அளந்து, சம இடைவெளியில் குச்சி நட்டு, நல்ல இடத்துக்குப் பச்சை, சுமாருக்கு மஞ்சள், ஆகாததற்குச் சிவப்பு ரிப்பன் கட்டிவிட வேண்டியது. பிறகு பச்சையில் மட்டும் தூண்டில் போட்டால் போதும். (எவ்வளவு அறிவாளியாக இருந்திருக்கிறேன் பாருங்கள்.)

வெயில் ஏறுவதற்குள் கரை நெடுகக் கலர் கலராக ரிப்பன்கள் பறந்தன. ஜெபராஜ் மூங்கிலை விட்டு “நாலடி! ஓகே!” என்று கத்துவான். நான் உள்ளங்கையில் எழுதிக்கொண்டு பச்சை கட்டுவேன். பச்சைக் குச்சிகள் வரிசையாகப் போய் எதிர்க்கரையில் ஒரு முருங்கை மரத்து வீட்டுக்கு நேராக முடிந்தன. அதுதான் கலைச்செல்வியின் வீடு. அவள் அடையாளம் சொல்லியிருந்தாள். இதைவிட நல்ல சகுனம் எங்கே கிடைக்கும் என்று பூரித்துப்போனேன்.

புல் அறுத்துக்கொண்டிருந்த ஒரு அம்மா மெதுவாகப் பக்கத்தில் வந்தார்.

“இன்னா சார், இன்னாத்த அளக்குறீங்க?”

என் வாழ்க்கையில் என்னை முதன்முதலில் ‘சார்’ என்று கூப்பிட்டவர் அவர்தான். உடனே குரலைக் கனமாக்கிக்கொண்டேன்.

“ஆழம் பாக்கோம்மா. இந்தப் பக்கம் பூராம் ரிஜெக்ட். அந்தப் பக்கந்தான் எங்களுக்கு வேணும்.”

“அந்தப் பக்கம் வூடுங்கோ கீதே சார்.”

“தெரியும்மா. அந்த முருங்க மரத்து வீட்டுக்காகத்தான் வந்ததே.”

அந்த அம்மா அறுத்த புல்லை அப்படியே போட்டுவிட்டு ஊருக்குள் ஓடினார். வீட்டில் உலை கொதித்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு அடுத்த குச்சியை நட்டேன்.

எனக்குத் தெரியாமல் போனது இதுதான். அதற்கு முந்தின மாதம்தான், கம்பெனிகளுக்கு நிலம் எடுக்க, பக்கத்து ஊர் நிலங்களில் அளவுக்காரர்கள் வந்து கல் நட்டுவிட்டுப் போயிருந்தார்கள். அடுத்தது நம் ஊர்தான் என்று இந்த ஊர் தூக்கம் இல்லாமல் கிடந்தது. அந்த நேரம் பார்த்து நீல யூனிபார்மில் இரண்டு பேர் டேப்பைப் பிடித்து, குச்சி நட்டு, கலர் துணி கட்டி, எண்களைக் கத்திக்கொண்டு நின்றால் ஊர் என்ன செய்யும்? அப்படி அளந்து எடுத்த நிலத்தில் நிற்கிற கம்பெனியில்தான் நானே தினமும் கார்டு அடித்துக்கொண்டிருந்தேன். அந்த நிலம் அதற்கு முன் யாருடையது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

ஊரே வந்துவிட்டது. ஆண்கள் கையில் மண்வெட்டி, பெண்கள் கையில் துடைப்பம். முன்னால் ஒல்லியாக, நரைத்த மீசையோடு ஒருவர் வந்தார்.

“எவன்டா உங்கள வுட்டது? யார கேட்டு எங்க ஏரில குச்சி நட்டீங்கோ?”

“ஐயா, நாங்க மீன் பிடிக்க வந்தோம்” என்றேன்.

“மீன் புடிக்கிறவன் பூட்ஸு போட்டுக்கினு, டேப்பு எடுத்துக்கினு வருவானா? எங்கடா மீனு?”

மீன் இல்லை. சரி, தூண்டிலையாவது காட்டுவோம் என்று ஜெபராஜ் எடுத்து நீட்டினான். அது கடலில் சுறாவுக்குப் போடுகிற முள். அவர் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இத்த வெச்சி மீனா புடிப்பே? ஆட்டத்தான் மாட்டித் தொங்க வுடலாம்!”

என் உள்ளங்கையைப் பிடித்து விரித்தார்கள். அதில் வரிசையாக அடிக் கணக்கு. அதற்குமேல் சாட்சி வேண்டுமா? புல் அறுத்த அம்மா வேறு முன்னால் வந்து, “ஏகாம்பரம், உன் வூட்டுக்காவத்தான் வந்தேன்னு இந்தாளே வாயால சொன்னான்” என்றார்.

ஏகாம்பரம். கலைச்செல்வியின் அப்பா பெயர். அவர் என் கழுத்து அட்டையைப் பிடித்து இழுத்துப் பார்த்தார்.

“எங்க பொண்ணு வேல செய்ற கம்பெனியாச்சே இது. கலைய கூப்டுங்கடா!”

மதகு மேல் எங்களை உட்கார வைத்தார்கள். என்னைத் தெரியாது என்று அவள் சொன்னால் அடி விழும். தெரியும் என்று சொன்னால் கல்யாணம் போச்சு. எது மேல் என்று நான் முடிவு செய்வதற்குள், ஈரத் தலையில் துண்டோடு அவள் வந்துவிட்டாள். என்னைப் பார்த்தாள். குச்சிகளைப் பார்த்தாள். அவை போய் முடிகிற இடத்தைப் பார்த்தாள். தலையில் அடித்துக்கொண்டாள்.

“இவன உனக்குத் தெரியுமா?” என்றார் அப்பா.

“தெரியும் நைனா. குவாலிட்டில கீறாரு. எதையாச்சும் அளந்துக்கினே இருப்பாரு, அது ஒரு வியாதி. அடுத்த ஞாயித்துக்கெயம வராருன்னு சொன்னேனே... இவருதான் அது.”

துடைப்பங்கள் ஒவ்வொன்றாகத் தாழ்ந்தன. யாரோ ஒரு பெண் சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையை வாயில் வைத்தது தெரிந்தது. ஏகாம்பரம் மட்டும் சிரிக்கவில்லை. என்னைத் தலையிலிருந்து பூட்ஸ் வரை பார்த்தார்.

“பொண்ணு பாக்க வர்றவன் பொண்ண பாப்பான், வூட்ட பாப்பான். இவன் இன்னாடான்னா ஏரிய அளக்கிறான்!”

“உங்களுக்கு விரால்னா உசுருன்னு கலை சொல்லிச்சு. ஒண்ணு பிடிச்சுக் குடுத்தா, நீங்க சரின்னு சொல்லுவீங்கன்னு...” டேப்பைச் சுருட்டி மதகு மேல் வைத்தேன். “நான் நிலத்துக்கு வரலைங்கய்யா. உங்க பொண்ணக் கேக்கத்தான் வந்தேன்.”

அவர் கரையைக் கைகாட்டினார்.

“எல்லா குச்சியும் நீயே புடுங்கு. ஒண்ணு பாக்கி இருந்தாலும் பொண்ணு கெடையாது.”

ஊர் பார்க்கப் பிடுங்கினேன். நடும்போது தெரியாத சேறு பிடுங்கும்போது தெரிந்தது. தண்ணீருக்குள் சாய்ந்து நின்ற ஒரு குச்சியை இழுக்க, குச்சி வரவில்லை, நான்தான் போனேன். இடுப்பு வரை சேறு. கரையிலிருந்து ஜெபராஜ், பழக்கதோஷத்தில், “மூணடி! ஓகே!” என்று கத்தினான். அதில்தான் என் மாமனார் முதன்முதலாகச் சிரித்தார். துண்டை வீசி அவரே என்னை மேலே இழுத்தார்.

“வர்ற ஞாயித்துக்கெயம அப்பா அம்மாவ கூப்ட்டுனு வா. ஒயுங்கா ரோடு வயியா வா.”

தை முடிவதற்குள் கல்யாணம் நடந்தது. அந்த ஊருக்கு அன்றிலிருந்து நான் ‘சர்வேயர் மாப்பிள்ளை’. என் உண்மைப் பெயர் பாதிப் பேருக்குத் தெரியாது. என் மகளின் காதுகுத்துப் பத்திரிகையிலும் மச்சினன் அப்படியே அச்சடித்துவிட்டான்.

இரண்டு மூன்று வருஷத்தில் உண்மையான சர்வேயர்கள் வந்தார்கள். ஜீப்பில், போலீசோடு, காகிதங்களோடு. மாமனார் மண்வெட்டியோடு போய் நின்றார். நானும் பக்கத்தில் நின்றேன். அவர்கள் யாரும் மூங்கிலோடு வரவில்லை, யாரும் சேற்றில் விழவில்லை. கல் நட்டுவிட்டுப் போய்விட்டார்கள். ஏரிக்குப் பின்னால் இருந்த அவருடைய கழனி போனது. முருங்கை மரத்து வீடு மட்டும் தப்பித்தது.

அந்த நாளைப் பற்றி மாமனார் இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் என் கதையை எந்த விசேஷத்திலும் விடமாட்டார். முதலில் எல்லாம் சிரிப்பதற்காகச் சொல்வார். கழனி போன பிறகு கதை வளர ஆரம்பித்தது. நாங்கள் ரெண்டு பேர் இருபது பேர் ஆனோம். ஓ.டி. பஸ் மூன்று ஜீப் ஆனது. ஊர்க்காரர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டு, கடைசியில் கரையில் அவர் மட்டும் தனியாக நின்றார்.

போன பொங்கலுக்கும் சொன்னார். பேரப்பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள்.

“எத்தினி குச்சி தாத்தா?” என்று கேட்டாள் என் மகள்.

“நூறு! கரை பூரா நூறு குச்சி! நான் ஒத்த ஆளா நின்னு அத்தினியும் புடுங்க வெச்சேன். ஒண்ணு வுடல. வோணும்னா உங்க அப்பன கேளு.”

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். நான் நட்டது பதினைந்துகூட இருக்காது. எல்லோரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“நூறுக்கு மேலயே இருக்கும் மாமா” என்றேன்.