இப்போதைக்கு ஓர் எரிவாயுக் கப்பல்

'இப்போதைக்கு' என்ற சொல்லை யாராவது நாளைக் காலையில் நம் மொழியிலிருந்து உருவி எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்த்திருக்கிறீர்களா? நம்மில் பாதிப் பேருக்கு வாயடைத்துப் போகும். மீதிப் பேரில் சிலருக்குப் பதவியே போய்விடும். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டே பிறந்து, வளர்ந்து, பதவிக்கு வந்து, ஓய்வும் பெற்றுவிடுகிற ஓர் இனம் நம்மிடையே இருக்கிறது. அவர்களைக் கண்டுபிடிப்பது ஒன்றும் கஷ்டமில்லை. 'ஆகட்டும்' என்று சொல்ல மாட்டார்கள். 'ஆகாது' என்றும் சொல்ல மாட்டார்கள். கதவைத் திறக்கவும் மனசில்லாமல், சாத்தவும் மனசில்லாமல், நடுவில் ஒரு செங்கல்லை வைத்துவிட்டு, "இப்போதைக்கு இப்படி இருக்கட்டும்" என்று படுக்கப் போய்விடுவார்கள். நன்றாகத் தூக்கமும் வரும்.

அந்த இனத்திலேயே தேர்ந்த ஒருவரைப் பார்க்கலாம் வாருங்கள். ஒரு துறைமுக ஊரின் நகரசபைத் தலைவர். பதினெட்டு வருடத் தலைவர். இரண்டு கோஷ்டிகள் மண்டையை உடைத்துக்கொண்ட ஒரு நாளில், "இப்போதைக்கு இவர் உட்காரட்டும்" என்று சொல்லித்தான் அவரை அந்த நாற்காலியில் உட்கார வைத்தார்கள். உட்கார்ந்தவர் உட்கார்ந்தவர்தான்.

அவர் வீட்டுக் குளியலறைக்குத் தாழ்ப்பாள் கிடையாது. ஒரு கயிறு உண்டு. அந்தக் கயிறும் ஒரு பக்கம்தான் கட்டியிருக்கும் என்பதால், உள்ளே போகிறவர்கள் வெளியே வரும்வரை சத்தமாகப் பாட வேண்டும் என்பது குடும்ப வழக்கம். குரல் வளம் இல்லாத உறவினர்கள் அந்த வீட்டில் தங்குவதில்லை.

"ஏங்க, ஒரு தச்சரைக் கூப்பிட்டா அரை மணி நேர வேலை" என்பார் மனைவி.

"இப்போதைக்குக் கயிறு இருக்குல்ல?" என்பார் தலைவர்.

அலுவலகத்திலும் இதே அழகுதான். டிரான்ஸ்பார்மர் எரிந்துபோன ஒரு வாரத்தில் இரண்டு நாளைக்கென்று வாடகைக்கு வந்த டீசல் ஜெனரேட்டர், கூட்ட அறை ஜன்னலுக்கு வெளியே பதினோரு வருடமாக உறுமிக்கொண்டிருக்கிறது. காற்று மாசைப் பற்றிப் பேசுகிற உறுப்பினர்கள் அதைவிடச் சத்தமாகக் கத்த வேண்டும். நடுநடுவே இருமவும் வேண்டும்.

எல்லாவற்றையும்விட அவருடைய கைவண்ணம் தெரிவது தீர்மானப் படிவத்தில்தான். அதன் அடியில் 'கால அளவு' என்று ஒரு கட்டம் இருக்கும். எத்தனை மாதம், எத்தனை வருடம் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கட்டத்தைப் பார்த்தாலே தலைவருக்குப் பல் மருத்துவரின் நாற்காலியில் சாய்ந்த மாதிரி உடம்பு விறைத்துக்கொள்ளும். எண்ணை எழுதினால் அந்த எண் ஒருநாள் வந்து வாசலில் நிற்குமே! ஆகையால் காலியாகவே விட்டுவிடுவார். காலியாக விட்டதற்கெல்லாம் திரும்பத் திரும்பக் கூட்டம் போட வேண்டியிருந்ததால், அந்தத் தொல்லையும் வேண்டாமென்று அவரே ஒரு விதி கொண்டுவந்தார். கட்டம் காலியாக இருந்தால், விண்ணப்பத்தில் கேட்டிருக்கும் அதிகபட்சக் காலமே செல்லும். விதி எண் பதினான்கு. சந்தைக்குப் போட்ட தற்காலிகக் கொட்டகை அந்த விதியின் புண்ணியத்தில்தான் இன்னும் நிற்கிறது. கூரை மட்டும் போய்விட்டது.

இப்படி நிம்மதியாக இருந்த மனிதரின் தலையில்தான் எரிவாயு வந்து இறங்கியது.

துறைமுகத்தின் வடக்கே ஒரு பெரிய காலி நிலம். அதற்கு இரண்டு விண்ணப்பங்கள். ஒன்று, வெளிநாட்டிலிருந்து திரவ எரிவாயு கொண்டுவரும் கம்பெனியுடையது. கப்பல் வந்து நிற்க ஒரு மேடை, சேமித்து வைக்கப் பெரிய தொட்டிகள், மின்நிலையத்துக்கு ஒரு குழாய். ஒன்றரை வருடத்தில் தயார். இன்னொன்று, காற்றாலைக் கோபுரம் செய்யும் பட்டறையுடையது. அவர்கள் முழு வேகத்தில் இயங்க நான்கு வருடம் ஆகும். ஆனால் நிலம் உண்டா இல்லையா என்ற பதில் இந்த மாதக் கடைசிக்குள் வேண்டும்; இல்லாவிட்டால் வேறு துறைமுகத்துக்குப் போய்விடுவார்கள்.

எரிவாயுவின் மகிமையை நீங்களும் தெரிந்துகொள்ள வேண்டும். எங்கேயோ பூமிக்கடியில் சிவனே என்று கிடக்கும் வாயுவை உறிஞ்சியெடுத்து, பனிக்கட்டியே நடுங்கும் அளவுக்குக் குளிரவைத்துத் திரவமாக்கி, கப்பலில் ஏற்றி, பாதி உலகத்தைச் சுற்றிக் கொண்டுவந்து, இங்கே அதை மறுபடி சூடாக்கி வாயுவாக்கி, எரித்து, வருகிற மின்சாரத்தில் ஏசி போட்டு, பூமி சூடாகிவிட்டதே என்று கவலைப்படும் கூட்டத்தைக் குளிரவைப்பார்கள். மனித மூளையை லேசாக நினைக்காதீர்கள்.

தலைவருக்கு இந்த விவகாரத்தில் ஒரே ஒரு பயம்தான். அவருடைய மகள் இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்தாள். துறைமுக அலுவலகத்தில் தினமும் கடல்மட்டம் பார்த்து எழுதுகிற வேலை. மாப்பிள்ளை வெல்டர், அவர் வேலை பார்த்த படகுப் பட்டறையை மூடி நான்கு மாதம் ஆகியிருந்தது. அவர்களுடைய ஆறு வயதுப் பெண் பள்ளிக்கூடம் விட்டதும் நேராகத் தாத்தா வீட்டுக்குத்தான் வருவாள். அவர் மடியில் உட்கார்ந்து, அவருடைய கையெழுத்துப் பேனாவைப் பிடுங்கி, வீட்டுப்பாடம் எழுதுவாள். அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் தலைவர் மீதி இருபத்து மூன்று மணி நேரத்தையும் பொறுத்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளைக்கு உள்ளூரில் வேலை கிடைக்காவிட்டால் மூன்று பேரும் ஊரைவிட்டுப் போய்விடுவார்கள். இது அவருக்குத் தெரியும்.

கூட்டத்துக்கு முந்தின சாயங்காலம் மகளும் மாப்பிள்ளையும் வந்தார்கள்.

"மாமா, கப்பல் வந்தா சீக்கிரம் வேலை கிடைக்கும்னு சொல்றாங்க" என்றார் மாப்பிள்ளை.

"சரியா சொன்னீங்க மாப்ளே" என்றார் தலைவர்.

"அப்பா, பதினோரு வருஷமா தினம் காலையில ஆறு மணிக்கு அந்த அளவுகோலைப் பார்த்து எழுதுறேன். வருஷா வருஷம் கோடு மேல ஏறிட்டே போகுது. எரிக்கிறதுக்குன்னே இன்னொண்ணை நாமளே கூப்பிட்டு உக்கார வைக்கணுமா? காத்தாலைப் பட்டறைலயும் வெல்டர் வேணுமே. நாலு வருஷம் ஆகட்டும், நான் சமாளிச்சுக்கறேன்."

"நீ சொல்றதும் நியாயம்தாம்மா."

"ரெண்டுல எதுப்பா?"

"பார்க்கலாம்."

"பார்க்கிறதை நாங்க பார்த்துக்கறோம். நீங்க சொல்லுங்க. எதுன்னு தெரிஞ்சா நாங்க அதுக்கேத்த மாதிரி நடந்துக்குவோம்."

தலைவர் பேத்தியை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு, 'ஆறில் ஐந்து போனால் எவ்வளவு?' என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்.

மறுநாள் கூட்ட அறை நிரம்பி வழிந்தது. பூமியைக் காப்பாற்ற வந்தவர்கள் ஆளுக்கொரு காரில் வந்து, நிறுத்த இடமில்லாமல், என்ஜினை அணைக்காமல் வெளியே காத்திருந்தார்கள். கம்பெனிக்காரர்கள் எல்லோருக்கும் பளபளவென்று ஒரு புத்தகம் கொடுத்தார்கள். அட்டையில் ஒரு குழந்தை புல்வெளியில் ஓடியது. எரிவாயுவைத் தேடித்தான் ஓடுகிறது போலிருக்கிறது.

முதலில் எழுந்தவர் ஐஸ் ஃபேக்டரி முதலாளி.

"பகல்ல நாலு மணி நேரம் கரண்ட் இல்ல. பூமி சூடாகறதை அப்புறம் பேசுவோம் தலைவரே, முதல்ல என் ஐஸ் சூடாகுது! நிலக்கரியை எரிக்கிறதோட பார்த்தா இது பாதிப் புகைதான்."

பள்ளிக்கூட அறிவியல் டீச்சர் விடுவாரா?

"புகை பாதிதான் அண்ணே. குழாய்லயும் கப்பல்லயும் கசியுற வாயு இருக்கே, அதை எங்க சேர்ப்பீங்க? அது புகையை விடப் பல மடங்கு சூட்டைப் பிடிச்சு வைக்கும்."

"காத்து அடிக்கலேன்னா உங்க காத்தாடியை நீங்களே வந்து சுத்துவீங்களா டீச்சர்?"

"கப்பல் வரலேன்னா நீங்க கடல்ல நின்னு கைதட்டிக் கூப்பிடுவீங்களா?"

இரண்டு பக்கமும் விசில் பறந்தது. மூன்று மணி நேரம் ஓடியது. யாரும் யாருடைய மனசையும் மாற்றவில்லை; தொண்டைதான் மாறியது. கடைசியில் வாக்கெடுப்பு. கப்பலுக்கு ஐந்து கை, காற்றாலைக்கு ஐந்து கை. பதினோராவது கை தலைவருடையது. அது மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தது.

முன்வரிசையில் மகளும் மாப்பிள்ளையும் உட்கார்ந்திருந்தார்கள். தலைவர் எழுந்தார். பளபளப் புத்தகத்தின் நாலாம் பக்கம் அவருக்குக் கைகொடுத்தது.

"எரிவாயுங்கிறது ஒரு பாலம். நாம இந்தப் பாலத்துல ஏறி மெதுவா நடந்துபோய், அந்தப் பக்கம் காத்தாலைல இறங்கிக்குவோம். யாருக்கும் மனக்கஷ்டம் வேண்டாம். இப்போதைக்குக் கப்பல் வரட்டும். காத்தாலைக்காரங்களும் கொஞ்சம் பொறுக்கட்டும்."

"பாலம் எவ்வளவு நீளம் ஐயா?" என்று கேட்டார் டீச்சர்.

கேள்வி கைதட்டலில் அமுங்கிவிட்டது. 'வரட்டும்' என்பதற்காக ஒரு பக்கம் கைதட்டியது. 'இப்போதைக்கு' என்பதற்காக இன்னொரு பக்கம் கைதட்டியது. பதினெட்டு வருடத்தில் இப்படி ஓர் ஒற்றுமையை அந்த அறை கண்டதில்லை. தலைவருக்குப் பெருமையில் நெஞ்சு விம்மியது. மாப்பிள்ளைக்குச் சீக்கிரம் வேலை; மகளுக்குப் பின்னால் காற்றாலை; பேத்தி மடியில். எல்லோரையும் ஒரே வார்த்தையில் கட்டிப்போட்டாயிற்று!

எழுத்தர் படிவத்தை நீட்டினார்.

"ஐயா, கால அளவு..."

"அப்புறம் பார்த்துக்கலாம்."

கையெழுத்து விழுந்தது. கட்டம் காலியாக இருந்தது.

மூன்றாம் நாள் கம்பெனி வக்கீல் இனிப்போடு வந்தார். ரொம்ப நல்ல மனிதர். விதி பதினான்கின்படி, விண்ணப்பத்தில் கேட்ட இருபத்தைந்து வருடமும் கிடைத்திருப்பதற்கு நன்றி சொல்லிவிட்டு, தலைவரின் உடல்நலத்தையும் விசாரித்தார். பத்து வருடத்துக்கே ஒத்துக்கொண்டிருப்போம் என்று போகிற போக்கில் சொல்லிவிட்டும் போனார்.

தலைவர் எழுத்தரைக் கூப்பிட்டார்.

"எந்தப் புத்திசாலிய்யா இந்த விதியைக் கொண்டுவந்தது?"

எழுத்தர் இருமினார். ஜெனரேட்டர் புகை என்று நீங்கள் நினைத்தால் அது உங்கள் பெருந்தன்மை.

அதே வாரம் காற்றாலைக்காரர்களின் கடிதம் வந்தது. மரியாதையான கடிதம். இருபத்தைந்து வருடம் பொறுத்திருக்க இயலாதென்றும், ரயிலில் ஒன்பது மணி நேரத் தொலைவில் இன்னொரு துறைமுகத்தில் இடம் முடிவாகிவிட்டதென்றும் எழுதியிருந்தார்கள். மாப்பிள்ளை எரிவாயுக் கம்பெனி வாசலுக்குப் போய் விசாரித்தார். தொட்டிகள் வெளிநாட்டிலேயே செய்யப்பட்டு வந்து இறங்குமாம். பற்றவைக்கும் ஆட்களும் கூடவே வந்து, வேலை முடிந்ததும் கூடவே போய்விடுவார்களாம். உள்ளூர்க்காரர்களுக்கு வாட்ச்மேன் வேலை நிச்சயம் உண்டு. பதினான்கு வாட்ச்மேன். மாப்பிள்ளை திரும்பி வந்து காற்றாலைக்காரர்களுக்குப் போன் போட்டார். பட்டறை கட்டும் வேலைக்கே வெல்டர் வேண்டுமாம்; உடனே வரச் சொல்லிவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மகள் தனியாக வந்தாள். கோபமாக வந்திருந்தால் தலைவர் சமாளித்திருப்பார். கோபக்காரர்களை வழவழ கொழகொழவென்று பேசி அனுப்புவதில் அவருக்குப் பதினெட்டு வருட அனுபவம். அவள் சாதாரணமாக வந்தாள்.

"வியாழக்கிழமை காலையில எட்டரைக்கு லாரி வருதுப்பா. வீடு பார்த்தாச்சு. பாப்பாவுக்கு அங்க ஸ்கூல்ல இடம் வாங்கியாச்சு. நான் வேலையை எழுதிக் கொடுத்துட்டேன்."

"அவசரப்படாதம்மா. இப்போதைக்கு மாப்பிள்ளை மட்டும் போகட்டும். நீயும் குழந்தையும்..."

"அப்பா."

அவ்வளவுதான் சொன்னாள். தலைவர் நிறுத்திக்கொண்டார். சமையலறையில் மனைவி குழாயை மூடுகிற சத்தம் கேட்டது. பிறகு, தன் வாழ்நாளில் எந்தக் கூட்டத்திலும் எந்தப் படிவத்திலும் கேட்காத ஒரு கேள்வியைக் கேட்டார்.

"எத்தனை வருஷத்துக்கும்மா?"

மகளுக்கும் கண் கலங்கியிருந்தது.

"அவருக்கு அங்க வேலை நிரந்தரம்பா."

தலைவர் அழுதார். அதில் கேலி செய்ய ஒன்றுமில்லை. வியாழக்கிழமை லாரி எட்டேகாலுக்கே வந்துவிட்டது.

இதைப் படித்து நீங்கள் சிரித்திருப்பீர்கள். கடைசியில் அந்த மனிதர் மேல் கொஞ்சம் எரிச்சலும் வந்திருக்கும். ஒரு வார்த்தை சொல்லத் துப்பில்லாதவர் என்று திட்டியும் இருப்பீர்கள். நியாயம்தான். உங்கள் ஊரிலும் இப்படி ஏதோ ஒன்றுக்கு மக்கள் கருத்துக் கேட்டு அறிவிப்பு ஒட்டியிருக்கிறார்களே, போகவர அதைப் பார்க்கிறீர்களே, வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ நாலு வரி எழுதிப் போட்டுவிட வேண்டும் என்று வீட்டில்கூடச் சொல்லிக்கொண்டிருக்கிறீர்களே! ரொம்ப நல்ல எண்ணம். எந்தத் தேதியில் எழுதப் போகிறீர்கள்?