மாமனார் மடியில் பெய்த மழை

ஒழுகுகிற எதைப் பார்த்தாலும் என் கை சும்மா இருக்காது. குழாய், கூரை, மண்ணெண்ணெய் டின், பக்கத்து வீட்டுக் குழந்தையின் மூக்கு என்று எது ஒழுகினாலும் உடனே அடைத்தாக வேண்டும். (கடைசியாகச் சொன்னதைத் துடைத்ததோடு சரி.) இந்த நல்ல குணத்தால் ஒருமுறை என் கல்யாணமே நின்றுபோக இருந்தது. அதுவும் திருத்தணி மலை மேல், அந்த முருகன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே.

எண்பதுகளின் ஆரம்பம். அம்மையார்குப்பத்தில் நைனாவும் (அப்பாவைத்தான் சொல்கிறேன்) நானும் ஆளுக்கொரு தறியில் உட்கார்ந்திருந்தோம். என் அக்கா புருஷன் ரத்தினம் பாவா மட்டும் தறிக்குழியில் கால் விடாமல் தப்பித்து, போர்வெல் போடும் கம்பெனி ஒன்றில் டிரைவராகிவிட்டார். அந்தக் கம்பெனிக்கு வெளிநாட்டிலிருந்து துளை போடும் மெஷினோடு ஒரு ட்ரக்கும் வந்திருந்தது. பின்பக்கம் சாமான் ஏற்றுகிற திறந்த தொட்டி. முன்பக்கம் டிரைவர் உட்காருகிற இடத்தில், நம்பினால் நம்புங்கள், ஏசி!

ஏசி என்ற வார்த்தையைச் சினிமா கொட்டகை போஸ்டரில் மட்டுமே படித்திருந்த ஊர் எங்களுடையது. பாவா அந்த ட்ரக்கோடு தெருவுக்குள் நுழைந்தால் தறிச்சத்தம் நின்றுவிடும். அவர் கதவைத் திறந்து, ஒரு காலைக் கீழே வைத்து, மீசையைத் தடவிவிட்டு, அப்புறம்தான் இன்னொரு காலை வைப்பார். அந்த இடைவெளியில் உள்ளேயிருந்து வருகிற குளிர்காற்றுக்காகப் பெரிய மனுஷர்கள்கூடக் கதவோரம் வந்து நிற்பார்கள். எனக்குப் பாவாதான் ராஜா. இன்றைக்கும் அந்த எண்ணம் மாறவில்லை.

அந்த வருஷக் கோடையில் கிணறெல்லாம் காய்ந்துவிட்டது. ஆனால் பாவாவின் ட்ரக் நின்ற இடத்தில் மட்டும் அடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும். எதிர்வீட்டுக் கன்னியம்மாக்கா ஓடிவந்து ஒரு குண்டானை வைப்பாள். "பூமிக்குள்ள எத்தினி அடி போட்டாலும் புகைதான் வருது. இந்த மகராசன் வண்டிதான் தண்ணி குடுக்குது" என்று ட்ரக்கைக் கையெடுத்துக் கும்பிடுவாள். அந்தத் தண்ணீரில்தான் அவள் வீட்டில் கை கால் கழுவினார்கள்.

இந்த நேரத்தில்தான் பள்ளிப்பட்டில் எனக்குப் பெண் பார்த்தார்கள். பெண் சரோஜா. காப்பி கொண்டுவந்து வைத்து, "சக்கர போதுங்களா?" என்று கேட்டாள். "போதும்" என்றேன். (அதில் சர்க்கரையே போடவில்லை என்பதை அவள் கல்யாணத்துக்கப்புறம் சொன்னாள். எனக்கு அன்றைக்கு நாக்கு வேலை செய்யவில்லை.) எனக்குச் சம்மதம், அவளுக்கும் சம்மதம் போலத்தான் இருந்தது. ஆனால் அவள் அப்பா வரதன் பிடி கொடுக்கவில்லை. பல தறிகளுக்குப் பாவு நூல் கொடுத்துச் சேலை வாங்குகிறவர். விரித்த சேலையில் ஓர் இழை தப்பியிருந்தாலும் பார்வையாலேயே நெய்தவனைக் கிழித்துவிடுவார். "ஞாயித்துக்கெழம மலைக்குப் போய் சாமி கும்பிட்டுட்டு, அங்கயே என் வார்த்தையச் சொல்றேன்" என்று முடித்துவிட்டார். சரோஜா எனக்குக் கிடைப்பாளா மாட்டாளா என்பது அந்த ஞாயிற்றுக்கிழமையின் கையில் இருந்தது.

பாவா சும்மா இருப்பாரா? ஞாயிற்றுக்கிழமை காலையில் முதலாளியிடம் கேட்டு ட்ரக்கை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். "சம்மந்தி என் பக்கத்துல ஏசியில குந்திகினு வரட்டும். எறங்கும்போது பொண்ணு நம்மளுதுதான்" என்றார். உள்ளே நன்றாகக் குளிரட்டும் என்று எஞ்சினை ஓடவிட்டுவிட்டு அக்காவிடம் காப்பி குடிக்கப் போனார். நான் மட்டும் வாசலில் நின்றேன். ட்ரக்குக்கு அடியில் வழக்கம்போலச் சொட்டுச் சொட்டென்று தண்ணீர். கன்னியம்மாக்காவின் குண்டான் வேறு.

ஓர் இழை தப்பினாலே முகம் சுளிக்கிற மனுஷர், பள்ளிப்பட்டு பஸ்ஸை விட்டு இறங்கி வந்து முதலில் பார்க்கப்போவது ஒழுகுகிற வண்டியை! ஓட்டை வண்டியை வைத்துக்கொண்டு பந்தா காட்டுகிறார்கள் என்று நினைக்கமாட்டாரா?

குனிந்து பார்த்தேன். படிக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் குழாய் தொங்கியது. அதன் நுனியிலிருந்துதான் சொட்டு. நெசவாளி வீட்டில் எது ஒழுகினாலும் மருந்து ஒன்றுதான், நூல். என் தறியில் அப்போது அரக்கு நிறப் பாவு ஏறியிருந்தது. கழித்துப் போட்ட நூலை அள்ளிவந்து குழாய்க்குள் நன்றாகத் திணித்தேன். வெளியே இறுக்கிச் சுற்றினேன். அறுந்த பாவுக்குப் போடுகிற முடிச்சாகப் பார்த்துப் போட்டேன். சொட்டு நின்றது. ஆஹா, நான் ஒரு இன்ஜினியர் ஆகியிருக்க வேண்டியவன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

"தண்ணிய நிறுத்திட்டியேடா, நீ நல்லா இருப்பியா?" என்று கன்னியம்மாக்கா காலிக் குண்டானை எடுத்துக்கொண்டு போனாள். அது பலிக்கும் என்று யார் கண்டது?

வரதன் வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, தோளில் மடித்த துண்டு. கூடவே கிளிப்பச்சைச் சேலையில் சரோஜா. பாவா முன்கதவைத் திறந்து அவரைப் பக்கத்தில் உட்கார வைத்தார். நைனா, அக்கா, சரோஜா, நான் எல்லாரும் பின்தொட்டியில் ஜமக்காளம் விரித்து உட்கார்ந்தோம். ஏசிப் பெட்டி முன்பக்கக் கூரையில், சரியாக வரதனின் தலைக்கு முன்னால் இருந்தது. பின்கண்ணாடி வழியாக அவருடைய பிடரி எனக்குத் தெரிந்தது. வழியெல்லாம் பேச்சு இல்லை, அசைவும் இல்லை. சிலை மாதிரி வந்தார். "உங்கப்பாவுக்கு ஏசி ரொம்பப் பிடிச்சிட்டாப்பல" என்று சரோஜாவிடம் சொன்னேன். அதுதான் நான் அவளிடம் பேசிய முதல் முழு வாக்கியம். மலைப்பாதை வளைவுகளில் வண்டி சாய்ந்தபோது மட்டும் அவர் தோள் லேசாகத் தூக்கிப்போட்டது. குளிர் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மலைமேல் வண்டி நின்றது. வரதன் இறங்கினார். இடுப்பிலிருந்து முழங்கால் வரைக்கும் வேட்டி தெப்பல்! சட்டையில் ஒரு பொட்டு ஈரமில்லை. வேட்டி மட்டும். முடியிறக்கிக்கொண்டு வந்த ஒரு கூட்டம் அப்படியே நின்றுவிட்டது. அதில் ஒரு அம்மாள், "பாவம், வயசானவரு. வழியில ஒரு எடத்துல வண்டிய நிறுத்தி இருக்கக் கூடாதா?" என்றாள். அக்கா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள்.

"இன்னா சம்மந்தி இது?" என்று நைனா பதறினார்.

"ஏசி" என்றார் வரதன், ரொம்ப நிதானமாக.

பாவாவுக்கு முகம் வெளுத்தது. "மேலருந்து தண்ணி ஊத்துச்சிங்களா? ரோட்டப் பாத்துகினே வந்துட்டேன். சொல்லக் கூடாதுங்களா?"

"நான் இன்னா ஏசியக் கண்டேனா? மொதல்ல சொட்டு சொட்டா வந்துச்சி. வளைவுல கொடம் கொடமா ஊத்துச்சி. இப்பிடித்தான் குளிர வைப்பாங்க போலன்னு இருந்துட்டேன். ஆசையா கூப்புட்டவங்க வண்டியில குந்திகினு கொற சொல்றது மரியாதையா?"

எனக்கு அந்த இடத்திலேயே அவர் காலில் விழவேண்டும் போலிருந்தது. மடியில் பனித்தண்ணீர் கொட்டும்போது, கூப்பிட்டவர்கள் மனம் நோகக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு மலையேறிய மனுஷர்! ஆனால் விழவில்லை. பாவா ட்ரக்கைச் சோதிக்க ஆரம்பித்துவிட்டாரே. நான் மெல்ல நைனாவின் முதுகுக்குப் பின்னால் போனேன்.

பாவா கூரைப் பெட்டியைத் தட்டினார். ஐஸ் கட்டியிருக்கிறதா என்று விரலை விட்டுப் பார்த்தார். கதவு ரப்பரை இழுத்துப் பார்த்தார். கடைசியில் கீழே குனிந்து, "தரை காஞ்சி கெடக்குதே!" என்று கத்தினார். துண்டை விரித்து வண்டிக்கடியில் படுத்தார். இரண்டு நிமிஷம் முனகல். பிறகு 'பொளக்' என்று ஒரு சத்தம். மிச்சத் தண்ணீரெல்லாம் பாவாவின் மூஞ்சியில் இறங்கியது. மீசை தொங்கிப்போய் வெளியே வந்தார். கையில் அரக்கு நூல்.

"சில்லுனு தண்ணி வச்ச சொம்பு வெளிய வேர்க்குது இல்ல? அதுமாரி அந்தப் பெட்டி வேர்க்கும். அந்தத் தண்ணி இந்தக் கொழாய் வழியா கீழ போவணும். வெளிய சொட்டினா வண்டி நல்லா கீதுன்னு அர்த்தம். உள்ள சொட்டினாத்தான் ரிப்பேரு. எந்தப் புத்திசாலிடா இத அடச்சது?"

வரதன் கையை நீட்டி நூலை வாங்கினார். வெளிச்சத்தில் பிடித்தார். "அரக்குப் பாவு. உங்க வூட்ல எந்தத் தறியில அரக்கு ஏறியிருக்குது?"

நைனா ஒரு எட்டு நகர்ந்து நின்றார், அவ்வளவுதான். பின்னால் நான் தெரிந்தேன். (பெற்ற தகப்பன்!)

என் கதை முடிந்தது. கிளிப்பச்சைச் சேலை பள்ளிப்பட்டு பஸ் ஏறப்போகிறது. கண்ணில் நிஜமாகவே தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. வரதன் முடிச்சின் இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தார். பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு தடவை இழுத்தார். முடிச்சு நழுவவில்லை.

"அம்மாந்தூரம் தண்ணி முட்டியிருக்குது. ஒரு சொட்டு வெளிய விடல" என்றார். என்னை மேலும் கீழும் பார்த்தார். "கை சுத்தம். புத்திதான் கொஞ்சம் கம்மி. அத என் பொண்ணு பாத்துக்குவா. வாங்க, உள்ள போயி தட்டு மாத்திக்கலாம்."

அன்றைக்கு ஈர வேட்டியோடு முருகன் எதிரில் நின்று அவர் வார்த்தை கொடுத்தார். சரோஜா சாமியைப் பார்க்காமல் சிரிப்பை அடக்கிக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

அப்புறம் பவர்லூம் போட்டு, தலையெடுத்து, நானும் ஏசி வைத்த ஒரு பழைய கார் வாங்கினேன். முதல் சவாரிக்கு மாமனாரைத்தான் முன்சீட்டில் உட்கார வைத்தேன். கொஞ்ச தூரம் போனதும் மடியைத் தடவிப் பார்த்தார். "இன்னா மாப்ள, காஞ்சி கெடக்குது? ஏசி ரிப்பேரா?" என்றார், முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல். அவர் போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகிவிட்டன. ஆனால் எங்கள் குடும்பத்தில் யார் முன்சீட்டில் ஏறினாலும் இன்றைக்கும் அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டுத்தான் கதவைச் சாத்துகிறார்கள்.

போன மாதம் பேரன் ஓடிவந்து, "தாத்தா, நம்ம காருக்குக் கீழ தண்ணி ஒழுகுது!" என்றான். நான் எழுந்திருப்பதற்குள் சரோஜா வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.