முப்பது முட்டையும் ஒன்பதாம் கேள்வியும்

பதினேழாம் நம்பர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒரு கிண்ணம் முட்டைச் சம்பல் இருந்தது. அதைப் பார்த்ததும் ஹரிதாசுக்குப் பகீரென்றது. கையில் இருந்த பேனா தானாக நின்றுவிட்டது.

"இது ஏதுக்கா?"

"சம்பல் தம்பி. சாப்பிடுறீங்களா?" என்றார் ராஜம்மா.

"முட்டை ஏதுன்னு கேக்குறேன்."

"கோழி போட்டது."

"எந்தக் கோழி?"

ராஜம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. அறுபது வயதில் முதல்முறையாக ஒருவர் அவரிடம் கோழியின் அடையாளம் கேட்கிறார். "பதினாறுலேருந்து பீவி குடுத்துச்சு தம்பி. ஏன், திருட்டு முட்டையா?"

திருட்டு முட்டையாக இருந்தால்கூட ஹரிதாஸ் இவ்வளவு பதறியிருக்க மாட்டான்.

குருபோங்கில் உள்ள அந்தத் தாமான் குடியிருப்பில் நாற்பது வீடுகள். கோலாலம்பூரில் இருந்து வந்த பொருளாதார ஆராய்ச்சியாளர் டாக்டர் தேவிஸ்ரீ கணினியில் குலுக்கல் போட்டு அதில் இருபது வீடுகளைத் தேர்ந்தெடுத்திருந்தார். அந்த இருபது வீடுகளுக்கும் வாரம் ஒரு தட்டு முட்டை, முப்பது உருப்படி, இலவசம். மீதி இருபது வீடுகளுக்கு வெறும் கேள்வி மட்டும்தான். எட்டு வாரம் இப்படி முட்டையைக் கொடுத்து, எல்லா வீட்டிலும் கேள்வி கேட்டு எழுத வேண்டியது ஹரிதாசின் வேலை. பதினாறாம் நம்பர் முட்டை வாங்கும் வீடு. பதினேழு வாங்காத வீடு. இரண்டுக்கும் நடுவில் இடுப்பளவு வேலி ஒன்றுதான் இருந்தது.

ஹரிதாஸ் புக்கிட் ரம்பாயில் ஒரு தொழிற்சாலையில் பதினாறு வருடம் தரம் பார்க்கும் சூப்பர்வைசராக இருந்தவன். தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். ஒன்றரை வருடம் வீட்டில் சும்மா இருந்த பிறகு கிடைத்த வேலை இது. "நல்லா செஞ்சீங்கன்னா நிரந்தரமாவே எடுத்துக்கலாம்" என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்த 'செஞ்சீங்கன்னா'வை அவன் மனைவி ஜெயா காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. வீட்டுக்காரருக்கு யூனிவர்சிட்டியில் வேலை என்று தன் மூன்று தங்கைகளிடமும் சொல்லி முடித்துவிட்டாள்.

"எதுக்கு டாக்டர் இந்த முட்டை?" என்று முதல் நாளே கேட்டிருந்தான்.

"அது உங்களுக்குத் தெரியாம இருக்குறதுதான் நல்லது மிஸ்டர் ஹரி. தெரிஞ்சா கேள்வி கேக்குற விதமே மாறிடும். குடுங்க, கேளுங்க, எழுதுங்க. அவ்ளோதான் லா."

அவ்வளவுதான் என்றால் விட்டுவிடுகிற ஆளா அவன்? வீட்டுக்குப் போய்க் கைப்பேசியில் பதினொரு நிமிடக் காணொளி ஒன்றைப் பார்த்தான். கொடுத்த வீட்டையும் கொடுக்காத வீட்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் இந்த வகை ஆராய்ச்சிக்கு உயிர், கொடுத்தது கொடுக்காத வீட்டுக்குள் கசிந்துவிட்டால் எல்லாம் வீண் என்று அதில் ஒரு கண்ணாடிக்காரர் சொன்னார். ஹரிதாஸ் நிமிர்ந்து உட்கார்ந்தான். கசிவைப் பிடிக்கத்தானே பதினாறு வருடம் சம்பளம் வாங்கினான்.

இப்போது மூன்றாவது வாரம். கசிவு சம்பலாகி மேசை மேல் இருக்கிறது. நேராகப் பதினாறுக்குப் போனான்.

"பீவிம்மா, முட்டைய வெளிய குடுக்கலாமா?"

நூர் பீவி அவனை மேலும் கீழும் பார்த்தார். "முப்பது முட்டை தம்பி. நாங்க ரெண்டே பேரு. பக்கத்து வூட்டுக்குக் குடுக்காம உக்காந்து திங்கச் சொல்றீங்களா?"

"திங்கத்தாம்மா குடுத்தது."

"பச்ச முட்டையா குடுத்தாத்தானே அது ஒங்க முட்டை? மொளகா என்னோடது, வெங்காயம் என்னோடது, கேஸும் என்னோடது. சம்பல் எப்புடி ஒங்களுதாவும்?"

காணொளியில் இதற்குப் பதில் இல்லை. "சரி, பதிலுக்கு அவங்க என்ன குடுத்தாங்க?"

"ஆறு வடை. பின்ன, வெறும் கிண்ணத்தையா திருப்பிக் குடுப்பாங்க?"

பத்தொன்பது வருடமாக அந்த வேலிக்கு மேலே ஒரு கிண்ணம்கூட வெறுமையாகத் திரும்பியதில்லையாம். ஹரிதாசுக்குத் தலை சுற்றியது. போன கசிவு போதாதென்று வந்த கசிவு வேறு.

படிவத்தில் ஒன்பதாம் கேள்வி, கிடைத்த முட்டையை வேறு யாருக்காவது கொடுத்தீர்களா, யாருக்கு என்பது. அதன் கீழே பன்னிரண்டு கட்டங்கள் இருந்தன. நூர் பீவி சொல்லச் சொல்ல எழுதியதில் பன்னிரண்டும் நிரம்பி, ஓரத்தில் வேறு எழுத வேண்டியதாயிற்று. இந்தத் தாமான்காரர்களின் யோக்கியதை டாக்டருக்கு முன்கூட்டியே தெரிந்துதான் இத்தனை கட்டம் போட்டிருக்கிறார் என்று நினைத்தபோது அவனுக்கு அவர் மேல் மரியாதை கூடியது.

நான்காவது வாரம் ஹரிதாஸ் முத்திரையோடு வந்தான். அறுநூறு முட்டைக்கும் ஊதா மையில் எண் குத்தினான். முதல் இரண்டு இலக்கம் வீட்டு நம்பர், அடுத்த இரண்டு முட்டை நம்பர். பதினாறாம் வீட்டு முட்டைகள் 1601 முதல் 1630 வரை. இனி எந்த முட்டை எந்தத் தட்டில் கிடைத்தாலும் அதன் பூர்வீகம் தெரிந்துவிடும்.

நாலு நம்பர் என்றால் நம் ஜனங்களுக்கு என்ன தோன்றும் என்பது அவனுக்குத் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ராஜம்மாவின் கணவர் முனுசாமி அவனைத் தெருவில் மறித்துக் கையைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, நீங்க நல்லா இருக்கணும்."

"என்னண்ணே ஆச்சு?"

"பீவி ரெண்டு முட்டை குடுத்துச்சு. ஒண்ணுல 1607. அதையே நாலு நம்பர் லாட்டரியில எடுத்தேன். ஆறுதல் பரிசு அடிச்சிருச்சு."

ஹரிதாசின் வாய் திறந்தது திறந்தபடி நின்றது. முட்டை கசிந்ததற்கு அதிர்வதா, பரிசு விழுந்ததற்கு அதிர்வதா என்று அவனுக்கு விளங்கவில்லை.

அதற்குப் பிறகு அந்தத் தாமானில் முட்டையை யாரும் சமைக்கவில்லை. முட்டை வாங்காத இருபது வீட்டுக்காரர்களும் வாங்கும் வீட்டு வாசலில் நின்றார்கள். ஒரு முட்டை ஒரு முழுப் பலாப்பழத்துக்குக் கைமாறியது. முப்பத்திரண்டாம் நம்பர் வீட்டில் ஒரு முட்டையைச் சாமி மாடத்திலேயே வைத்துவிட்டார்கள், அது நாறுகிறவரை.

நூர் பீவி மட்டும் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்து அவன் கையில் வைத்தார். "சூதாட்ட நம்பர் குத்துன முட்டை எங்க வூட்டுக்கு ஆவாது. அடுப்புல வெச்சா சட்டியும் ஆவாது. எடுத்துட்டுப் போங்க."

அன்று முழுவதும் ஹரிதாஸ் வீடு வீடாகப் போய், பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு, மிச்சமிருந்த முட்டைகளின் எண்களைத் துடைத்தான். துடைப்பதற்கு முன் எல்லாரும் படம் பிடித்துக்கொண்டார்கள்.

"நிரந்தரம் ஆயிரும்ல?" என்று கேட்டாள் ஜெயா. "தங்கச்சிங்க விருந்துக்கு எப்பன்னு கேக்குறாங்க."

அந்தக் கேள்விதான் அவனைப் பொய் சொல்ல வைத்தது. ஐந்தாவது வாரம், நடுத்தெருவில், நாலு பேர் காதில் விழும்படி ராஜம்மாவிடம் சொன்னான்: "அக்கா, இந்த முட்டைக்குத் தனித் தீவனம். பட்டியல்ல உள்ளவங்க உடம்புக்குத்தான் ஒத்துக்கும். மத்தவங்க சாப்பிட்டா..."

வாக்கியத்தை அவன் முடிக்கவில்லை. முடிக்க வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. சாயங்காலத்துக்குள் தாமானே அதை முடித்து வைத்துவிட்டது. வயிறு வீங்கும் என்றார்கள். கை நடுங்கும் என்றார்கள். முனுசாமி தன் வழுக்கையைத் தடவிக்கொண்டு, "அதான் பாத்தேன், முடியெல்லாம் எங்க போச்சுன்னு" என்றார். அது போய்ப் பதினைந்து வருடம் ஆகிறது. கிளினிக்கில் ஒன்பது பேர் வரிசையில் நின்றார்கள்.

ராஜம்மா வேலியருகில் நின்று கேட்டார். "தெரிஞ்சேதான் குடுத்தியா பீவி?"

"அல்லாமேல சத்தியமா தெரியாது ராஜம்மா. நானும் அதத்தானே தின்னேன்."

"ஒன் பேருதான் பட்டியல்ல இருக்கே."

ராஜம்மா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கடைசியாகச் சம்பல் வந்த கிண்ணம் கழுவிக் கவிழ்த்தபடி ராஜம்மா வீட்டு ஜன்னலில் இருந்தது. வெறுமையாகத் திருப்ப மனம் வரவில்லை, எதையாவது வைத்துத் திருப்பவும் மனம் வரவில்லை.

ஹரிதாசுக்கு உறுத்தாமல் இல்லை. அந்த ஜன்னலைக் கடக்கும்போதெல்லாம் தலையைத் திருப்பிக்கொண்டான். வேலை நிரந்தரமானதும் இரண்டு பேரையும் உட்கார வைத்து உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவுசெய்தான். முதலில் வேலை.

ஆனால் கசிவு நின்றுவிட்டது. அடியோடு நின்றுவிட்டது. ஐந்து, ஆறு, ஏழு, எட்டு என்று நான்கு வாரமும் ஒன்பதாம் கேள்விக்கு ஒரே பதில்: யாருக்கும் இல்லை. கொடுக்கிறேன் என்றாலும் வாங்க ஆளில்லை. முப்பது முட்டையும் முட்டை வாங்கிய வீட்டிலேயே தீர்ந்தது, அல்லது கெட்டது. பன்னிரண்டு கட்டங்களும் பளிச்சென்று காலியாக இருந்தன. இப்படி ஒரு சுத்தத்தை அவன் தொழிற்சாலையில்கூடப் பார்த்ததில்லை.

கோப்பில் ஒன்றுதான் இடித்தது. முதல் நான்கு வாரப் படிவங்கள் எழுத்தால் பிதுங்கின. சம்பல், வடை, கேக், பலாப்பழம், இன்னும் என்னென்னவோ. இயந்திரம் சூடேறும் வரை வருகிற சரக்கைத் தொழிற்சாலையில் கணக்கில் சேர்ப்பதில்லை. கழித்துப் போட்டுவிடுவார்கள். அந்த முறைப்படியே ஹரிதாஸ் அவற்றைக் கிழித்துப் போட்டான்.

எட்டாவது வாரம் முடிந்ததும் டாக்டர் தேவிஸ்ரீ வந்தார். முட்டை வாங்கிய சிம்பாங் அம்பாட் கோழிப் பண்ணையில் கடைசி பில்லுக்குக் கையெழுத்து போட்டுவிட்டு, முட்டை லாரியிலேயே ஏறி வந்திருந்தார். கையில் நீளமான வெள்ளை உறை ஒன்று இருந்தது. அதன் மேல் தன் பெயர் இருப்பதை ஹரிதாஸ் தலைகீழாகவே படித்துவிட்டான்.

"டாக்டர், இந்தாங்க," என்று கோப்பை இரண்டு கையாலும் நீட்டினான். "நாலு வாரம். இருபது வீடு. ஒரு முட்டை வெளிய போகல."

டாக்டர் சிரித்துக்கொண்டே கோப்பைத் திறந்தார். முதல் படிவத்தில் ஒன்பதாம் கேள்வியைப் பார்த்தார். அடுத்ததைப் பார்த்தார். பிறகு வேகவேகமாகப் புரட்டினார். சிரிப்பு எந்தப் பக்கத்தில் நின்றது என்று ஹரிதாஸ் கவனிக்கவில்லை.

"ஒண்ணுகூடவா போகல?" என்றார்.

"ஒண்ணுகூட இல்ல டாக்டர்."

"எப்படி?"

"நான் விடல."

"முதல் நாலு வாரம் எங்க?"

"அது ஒரே கசிவு டாக்டர். கிழிச்சுட்டேன்."

டாக்டர் தேவிஸ்ரீ தெருவோரத்துக் கல்மேல் மெல்ல உட்கார்ந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. வெள்ளை உறையை இரண்டாக மடித்துப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தார். ஹரிதாஸ் அந்த ஜிப்பையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"டாக்டர், எங்கயாச்சும் கசிஞ்சிருக்கா?"

லாரியில் காலித் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்த டிரைவர் திருச்செல்வம்தான் கீழே எட்டிப் பார்த்துச் சொன்னான்.

"என்னண்ணே இது, எங்க பண்ணையில கோழியத் தவிர எல்லாருக்கும் தெரியுமே; ஒரு வீட்டுல குடுத்தா அது எத்தன வீட்டுக்குப் போவுதுன்னு பாக்கத்தானே இவங்க முட்டையே வாங்குனாங்க."